யாப்பும் சிறையும்

மனிதன் தானே விரும்பி ஏற்கும் கட்டுப்பாடும் பிறரால் அவன்மீது சுமத்தப்படும் கட்டுப்பாடும் ஒரே தன்மையனவா, வேறு தன்மையனவா என்னும் வினா அறவியலிற் பழமை வாய்ந்தது. தமிழ்மொழி இவ்வினாவைத் தன் சொற்களுள்ளேயே பொதிந்து வைத்திருக்கின்றது எனலாம். செய்யுளின் அமைப்பைச் சுட்டும் யாப்பு என்னும் சொல், கட்டுதல் எனப் பொருள்படும் யாத்தல் என்னும் வினையோடு தொடர்புடையது. கட்டளை என்பது ஆள்வோர் இடும் ஆணையையும் குறிக்கும். எழுத்தெண்ணி அமைக்கப்படும் செய்யுளளவையும் குறிக்கும். கட்டளைக் கலித்துறையின் அடியொன்று நேரசையில் தொடங்கின் ஒற்றொழித்து 16 எழுத்தும், நிரையசையில் தொடங்கின் 17 எழுத்தும் பெறுதல் வேண்டும். சிறை என்னும் சொல்லோ இன்னும் வியப்புக்குரியது. பழைய இலக்கியத்தில் அது பறவையின் சிறகையும் குறிக்கும். மனிதனை அடைத்துவைக்கும் காவற்கூடத்தையும் குறிக்கும்.

சொல் ஒன்றாயிருத்தலாற் பொருளும் ஒன்றேயாகும் என வாதிடுதல் அறிவுடைமையாகாது. ஆயினும் இச்சொற்கள் எழுப்பும் ஐயத்தைப் புறக்கணித்தலும் இயலாது. அடைபட்ட மனிதன் ஒருவன் தன் அடைப்பினுள்ளே இருந்துகொண்டு மற்றுமொரு கட்டினைத் தானே தேடி ஏற்பானாயின், அவனது செயலை நாம் எவ்வாறு விளங்கிக்கொள்வது? அது விடுதலையா, அன்றி அடிமைத்தனத்தின் மற்றொரு வடிவமா? இவ்வினாவை வெறும் கருத்தளவில் ஆராயாது, உண்மையில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியை முன்வைத்து ஆராய முற்படுகின்றது இக்கட்டுரை.

இன்றைய உக்ரேனில் உள்ள ரிவ்னே நகரில் 1891ஆம் ஆண்டு பிறந்தவர் வ்செவலொட் சதெராட்ஸ்கி. மொஸ்கோவில் இசை பயின்ற இவர், உருசியப் பேரரசரின் மகனுக்குச் சிறிது காலம் இசை கற்பித்தவர். உள்நாட்டுப் போரின்போது புரட்சிக்கு எதிரான வெண்படையிற் பணியாற்றினார். இவ்விரண்டு செய்திகளும் அவரது எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் இருளச் செய்தன. 1926இல் அவர் கைது செய்யப்பட்டபோது அதுவரை அவர் இயற்றியிருந்த இசைப்படைப்புகளின் கையெழுத்துப் பிரதிகள் அழிக்கப்பட்டன. 1937இல் மீண்டும் கைதாகிச் சைபீரியாவின் வடகிழக்கில் உள்ள கொலிமா முகாம்களுக்கு அனுப்பப்பட்டார். குளிர்காலத்திற் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகைக்கும் அப்பாற் குளிர் செல்லும் நிலம் அது. பொன் அகழ்வுக்கும் மரம் வெட்டுதற்கும் வீதி அமைப்பதற்கும் கைதிகளின் உடல்களே கருவிகளாயின. 1939இல் விடுவிக்கப்படும் வரை அங்கிருந்த காலத்திலே, தந்திப் படிவங்களிலும் கிடைத்த தாள் துண்டுகளிலும் பென்சிலால், பியானோவுக்கென 24 முன்னிசைகளும் 24 பியூக்குகளும் அடங்கிய பெருந்தொகுதியொன்றை அவர் எழுதினார். அருகிலே பியானோ இருக்கவில்லை. எழுதியதை இசைத்துப் பார்த்துத் திருத்தும் வாய்ப்பும் இருக்கவில்லை.

பியூக் என்பது யாது எனச் சுருக்கமாக நோக்குதல் இங்கு அவசியமாகின்றது. நமது இசை ஒரே இசையோட்டத்தை ஆழப்படுத்திச் செல்லும் இயல்புடையது. ஒரு குரல் இராகத்தை விரிக்க, பக்கவாத்தியங்கள் அதனைத் தொடர்கின்றன. பியூக்கிலோ இரண்டு, மூன்று, நான்கு எனப் பல குரல்கள் ஒரே வேளையில் தத்தம் வழியே செல்கின்றன. முதலில் ஒரு குரல் தனியே ஒரு சிறு இசைத்தொடரை முன்வைக்கும். அதனை முடித்ததும், இரண்டாங் குரல் அதே தொடரைப் பஞ்சமத்தில் எடுத்து விடையாக இசைக்கும். அவ்வேளையில் முதற்குரல் வாளாவிருப்பதில்லை. விடைக்கு இசைவான வேறொரு தொடரைப் பின்னிச் செல்லும். மூன்றாங் குரலும் நான்காங் குரலும் இவ்வாறே நுழையும். எந்தக் குரலும் மற்றொன்றின் நிழலன்று. எந்தக் குரலும் மற்றவற்றைக் கேளாது தன்போக்கிற் செல்லவும் முடியாது. எந்த இடத்தில் எச்சுரங்கள் ஒருங்கே ஒலிக்கலாம், எவை ஒலிக்கலாகா என்பன பற்றிய விதிகள் மிக நுட்பமானவை. மேனாட்டு இசையிலே இதனினும் இறுக்கமான யாப்பு அரிது. பாஹ் 1722இல் தொகுத்தளித்த நூலே இவ்வகைக்கு முன்மாதிரியாகக் கொள்ளப்படுகின்றது. பன்னிரண்டு சுரங்கள் ஒவ்வொன்றையும் அடிப்படையாகக் கொண்டு இருவகை அளவுகளிலும் எழுதுவதால் 24 என்னும் எண் பெறப்படுகின்றது. அந்தப் பாஹ்கூட 1717இல், பணியிலிருந்து விலக வற்புறுத்திய குற்றத்துக்காக, வைமர் நகரில் ஏறத்தாழ நான்கு கிழமைகள் காவலில் வைக்கப்பட்டார் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இனி நமது வினாவுக்கு வருவோம். தாளும் கருவியும் அற்ற நிலையில் ஒருவர் எளிய பாடல் ஒன்றை எழுதியிருக்கலாம்; துயரத்தைக் கட்டற்ற ஓலமாக வெளியிட்டிருக்கலாம். அவ்வாறின்றி, மிகக் கடுமையான விதிகளை உடைய வடிவத்தை, அதுவும் ஒன்றன்று, இருபத்துநான்கு முறை அவர் ஏன் தெரிந்துகொண்டார்?

நடைமுறை சார்ந்த விடையொன்று உண்டு. விதிகள் நிறைந்த வடிவம் மனத்திலே தங்குவது. கருவியில்லாதவன் தன் காதையே கருவியாக்கும்போது, அடுத்த அடி எங்கே விழவேண்டும் என்பதை விதி அவனுக்கு நினைவூட்டுகின்றது. நம் முன்னோர் மருத்துவத்தையும் சோதிடத்தையும் இலக்கணத்தையும் செய்யுளில் யாத்தமைக்கும் இதுவே காரணம். ஆயினும் இவ்விடை முழுமையானதன்று. அது கருவியின் இன்மையை விளக்குகின்றதேயன்றி மனத்தின் விருப்பத்தை விளக்கவில்லை.

இவ்விருப்பம் ஐரோப்பிய இசைக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு நாம் வாழும் கண்டி நகரமே சான்று பகர்கின்றது. 1882இல் எகிப்தில் நிகழ்ந்த எழுச்சியைப் பிரித்தானியப் படை முறியடித்த பின்னர், அதன் தலைவரான ஒராபி பாஷாவும் அவருடைய தோழர்களும் 1883இல் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டனர். அவர்களுள் ஒருவர், 1882இல் சில மாதங்கள் எகிப்தின் பிரதமராயிருந்த மஹ்மூத் சாமி அல்-பாரூதி. முதலிற் கொழும்பிலும் பின்னர் கண்டியிலுமாக ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகள் அவர் இத்தீவில் வாழ்ந்தார். கண்டியிற் பிறந்த வழக்கறிஞர் சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' இதழையும், 1885இல் எகிப்திய இளைஞன் ஒருவனைத் தலைவனாகக் கொண்ட 'அசன்பே சரித்திரம்' என்னும் நாவலையும் வெளியிட்ட காலம் அது. நமது நாவலிலக்கிய வரலாறு எகிப்தை நோக்கிய அதே காலத்தில், எகிப்தின் பெருங்கவிஞர் ஒருவர் நம் நாட்டிலிருந்து தம் தாயகத்தை நோக்கிப் பாடிக்கொண்டிருந்தார்.

பாரூதியை நவீன அரபுக் கவிதையின் முன்னோடிகளுள் ஒருவராக அறிஞர் போற்றுவர். ஆயின் அவர் கையாண்டது தளர்ந்த வடிவமன்று. பல நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட பழம்புலவரின் பாடலொன்றைத் தெரிந்து, அதே சந்தத்திலும் அதே இயைபிலும் மறுபாடல் யாக்கும் மரபொன்று அரபு மொழியில் உண்டு. பாடல் முழுவதிலும் இறுதி இயைபு ஒன்றாகவே நிற்றல் வேண்டும். இம்மரபினை அவர் பெரிதும் விரும்பிக் கையாண்டார். தாயகத்திலே மனைவி இறந்த செய்தி கடல்கடந்து எட்டியபோது அவர் பாடிய இரங்கற்பாவும் மரபின் யாப்பிலேயே அமைந்தது. முன்னவர் குரலுக்குப் பின்னவர் குரல் விடையிறுக்கும் இம்முறை, பியூக்கில் ஒரு குரலுக்கு மறுகுரல் விடையிறுப்பதனோடு ஒப்பிடத்தக்கது. தனித்துவிடப்பட்ட மனிதன், கட்டான வடிவத்தின் துணைகொண்டு, இறந்தோரையும் தன் உரையாடலுக்கு அழைத்துக்கொள்கிறான்.

தமிழகத்திலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. 1908இற் கைதாகிக் கடுந்தண்டனை பெற்ற வ.உ. சிதம்பரம்பிள்ளை, கோயம்புத்தூர்ச் சிறையிலே செக்கிழுக்கவைக்கப்பட்டார். பின்னர் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டு 1912 இறுதியில் விடுதலையானார். சிறைவாழ்வின் பயனாக எழுந்த அவரது 'மெய்யறம்' 1914இல் வெளிவந்தது. அந்நூல் 125 அதிகாரங்களையும் அதிகாரந்தோறும் பத்துப் பாக்களையும் உடையது. திருக்குறளின் அமைப்பை முன்மாதிரியாக ஏற்று, அதிகாரத்துக்குப் பத்து என்னும் அளவினின்றும் பிறழாது அவர் பாடினார். பகலிற் செக்கின் வட்டத்தைச் சுற்றிய கைதிக்கும் பாட்டின் அளவைத் தானே வரைந்துகொண்ட புலவருக்கும் உடல் ஒன்றே. ஆயினும் இரு வட்டங்களும் ஒன்றல்ல.

அவை எவ்வாறு வேறுபடுகின்றன? ஜெர்மானிய மெய்யியலாளர் கான்ட் 1785இல் வெளியிட்ட அறவியல் நூலில், விருப்பம் போல் நடப்பது விடுதலையன்று. தனக்குத் தானே விதித்துக்கொண்ட விதிக்குப் பணிதலே விடுதலை என்னும் கருத்தை நிலைநாட்டினார். இதனை நமது எடுத்துக்காட்டுகளோடு பொருத்தி நோக்குமிடத்து மூன்று வேறுபாடுகள் புலனாகும். முதலாவது, சிறையின் விதி காரணம் கூறுவதில்லை. யாப்பின் விதியோ காரணத்தைத் தன்னுள்ளே உடையது. இவ்விடத்தில் இச்சுரம் ஏன் ஆகாது எனக் கேட்பவனுக்குக் காதே விடை தரும். இரண்டாவது, சிறையின் விதி மனிதரை ஒரேதன்மையராக்க முயல்கின்றது. பெயர் நீங்கி எண் எஞ்சுகின்றது. யாப்பின் விதியோ வேறுபாட்டை விளைவிக்கின்றது. ஒரே வெண்பா யாப்பிற் பாடிய இருவரின் குரல்களை நாம் எளிதிற் பிரித்தறிகின்றோம். மூன்றாவது, சிறையின் விதியை விட்டு வெளியேற முடியாது. யாப்பினை எந்த வேளையும் கைவிடலாம். கைவிடக்கூடியதாயிருந்தும் கைவிடாமையே அதனைக் கடைப்பிடிப்போனுக்குப் பெருமை தருகின்றது.

இக்கருத்துக்கு இரண்டு தடைகள் எழுப்பப்படலாம். யாப்பின் விதிகளும் மரபினால் வந்தனவே. அவற்றை எவரும் தாமே ஆக்கவில்லை. ஆதலின் அவற்றைத் தன் விதி எனக் கூறுதல் எவ்வாறு பொருந்தும் என்பது முதலாவது தடை. இதற்கு விடை எளிது. தாய்மொழியையும் நாம் ஆக்கவில்லை. எனினும் நம் எண்ணத்தை அதனாலேயே வெளியிடுகிறோம். பெற்றுக்கொண்ட விதியை விளங்கி, ஒப்புக்கொண்டு, அதனுள்ளே முன்னர் இல்லாதவொன்றை ஆக்கும்போது அது நமதாகின்றது. சதெராட்ஸ்கியின் இசை பாஹின் இசையன்று. இருபதாம் நூற்றாண்டின் முரண்சுரங்கள் அதிலே ஒலிக்கின்றன.

இரண்டாவது தடை வலிமை மிக்கது. வெளியே விலங்கு பூண்டவனுக்கு உள்ளே விடுதலை உண்டு எனக் கூறுவது யாருக்கு நன்மை தரும்? சிறைக்காவலனுக்கே அன்றோ? அடைய முடியாதவற்றின்மீது ஆசையைத் துறந்து உள்ளக் கோட்டைக்குள் ஒதுங்குதலை விடுதலை என அழைப்பது தவறு என்று ஐசாயா பேர்லின் 1958இல் நிகழ்த்திய புகழ்பெற்ற உரையிலே எச்சரித்தார். கண்டி மாநகர் இத்தடைக்கும் ஓர் உருவம் தந்திருக்கின்றது. 1940இற் கைது செய்யப்பட்ட இடதுசாரித் தலைவர்களான என்.எம். பெரேரா, பிலிப் குணவர்தன, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி ஆகிய நால்வரும் 1942 ஏப்ரல் 7ஆம் நாள் போகம்பரைச் சிறையிலிருந்து தப்பிச் சென்றனர். சிறைப்பட்டவனுக்கு வேண்டுவது யாப்பா, திறவுகோலா என வினவின், திறவுகோல் என்பதே இவர்கள் தந்த விடையாகும்.

இவ்விடையை மறுத்தற்கில்லை. கதவைத் திறக்கக் கூடுமிடத்து, திறவாதிருந்து பாட்டியற்றுதல் மேன்மை எனக் கூறுவோர் அறத்தைத் திரிப்போராவர். ஆயின் கொலிமாவில் திறவுகோல் இருக்கவில்லை. தப்பியோடுவோனுக்கு முகாமின் வேலியினும் கொடிய வேலியாகப் பனிவெளி பரந்திருந்தது. அதனோடு, பேர்லின் கண்டித்த ஒதுக்கமும் சதெராட்ஸ்கியின் செயலும் ஒன்றல்ல. ஒதுங்குபவன் ஆசையைச் சுருக்குகின்றான், இவரோ பெருக்கினார். இசையை மனத்தளவில் அமைத்து அமைதி பெற்றிருந்தால் அது ஒதுக்கமாகும். இவர் அதனைத் தாளிலே எழுதினார். எழுதுதல் பிறரை நோக்கிய செயல். வாசிக்க மற்றொருவரின் விரல்கள் வேண்டும். கேட்க மற்றொருவரின் செவி வேண்டும். தன்னைச் சூழ்ந்த உலகு ஒருநாள் மாறும், தன் எழுத்தை எடுத்து வாசிக்க ஒருவர் வருவார் என்னும் எதிர்பார்ப்பு அப்பென்சிற் கோடுகளில் அடங்கியிருக்கின்றது. எனவே அது நிலைமையோடு செய்துகொண்ட சமாதானமன்று. நிலைமையின்மீது தொடுக்கப்பட்ட வழக்கு. அவ்வழக்கு நெடுங்காலம் விசாரிக்கப்படவில்லை. அவர் 1953இற் காலமானார். வாழ்நாளில் அவர் படைப்பெதுவும் அச்சேறவில்லை. கொலிமாவில் எழுதப்பட்ட தொகுதி முழுமையாக மொஸ்கோ அரங்கிலே ஒலித்தது 2014இலேயே ஆகும். விடுதலையான ஆண்டிலிருந்து எண்ணின் 75 ஆண்டுகள்.

இங்கே கேட்போராகிய நமது கடமை பற்றியும் சிந்தித்தல் வேண்டும். படைப்பின் பின்னணியை அறிந்தபின் அதனை இரக்கத்தோடு மட்டுமே கேட்கும் மனப்போக்கு நம்மிடம் உண்டு. படைப்பின் சிறப்பும் படைத்த செயலின் சிறப்பும் வெவ்வேறானவை. குறைபட்ட செய்யுள் சிறையில் எழுதப்பட்டமையால் நிறைவுறாது. துன்பத்தை மதிப்பெண்ணாக வழங்குதல் படைப்பாளியை மீண்டும் கைதியாக்குதலாகும். அவர் எழுதிய சுரங்களை விடுத்து அவர் அணிந்த எண்ணையே நாம் நோக்குகிறோம். கடுமையான யாப்பைத் தெரிந்தவன், அந்த யாப்பின் அளவுகோலாலேயே தன்னை அளக்குமாறு வேண்டுகின்றான். அவ்வாறு அளப்பதே அவனுக்கு நாம் செய்யும் மரியாதை.

அவ்வாறே, துன்புற்றவர் நம் கொள்கையினராயிருத்தல் வேண்டும் என எதிர்பார்ப்பதும் தவறு. சதெராட்ஸ்கி பேரரசரின் பக்கம் நின்றவர். பாரூதி படைத்தலைவர், அமைச்சர். சிதம்பரனார் கப்பற் கம்பனி நடத்திய தேசியவாதி. இம்மூவரையும் ஓர் அரசியல் மேடையிலே நிறுத்துதல் இயலாது. இசைக்காக ஒருவரைப் பனிவெளியில் உழல வைத்தது அநீதி என்பதற்கு, அவர் எப்படையிற் பணியாற்றினார் என்னும் கேள்வி இடையூறாகாது.

எல்லாவற்றினும் பெரிய இடர் வேறொன்று. சிறையிலே உயர்ந்த நூல்கள் எழுந்தன எனப் போற்றிப் போற்றி, சிறையே கலையின் தாய் எனக் கருதத் தலைப்படுகிறோம். இது கணக்கறியாதார் கூற்று. 1926இல் அழிக்கப்பட்ட பிரதிகளை எக்கணக்கிற் சேர்ப்பது? இசையமைப்பாளர் விக்டர் உல்மான் தெரெசியென்ஸ்டாட் முகாமிலே 1944 ஆகஸ்டில் தமது ஏழாவது பியானோ சொனாட்டாவை முடித்தார். அதன் இறுதிப் பகுதி எபிரேயப் பாடலொன்றை அடியாகக் கொண்ட பியூக்கில் நிறைவுறுகின்றது. அவ்வாண்டு ஒக்டோபரில் அவர் அவுஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார். எட்டாவது சொனாட்டா எங்கே? நமது நாட்டிலே, 1983 யூலை 25ஆம், 27ஆம் நாள்களில் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். அவர்களுள் யார் எதை எழுதியிருப்பர் என்பதை எவரும் அறியார். எழுதுவோராயினும் அல்லராயினும் அவர்களின் உயிரிழப்பு ஒரே அளவினதே. சிறையிலிருந்து வந்த ஒரு நூல் சிறையைப் புகழ்வதற்குச் சான்றாகாது. சிறை அழித்தவற்றுள் தப்பியது ஒன்று என்பதற்கே சான்றாகும்.

1876இல் எழுந்த போகம்பரைச் சிறைக்கூடம் 2014 ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு மூடப்பட்டது. கண்டி நகருக்குச் செல்லும் மாணவர் இன்றும் அம்மதிலைக் கடந்தே செல்கின்றனர். கட்டடம் மூடப்படுவதால் வினா மூடப்படுவதில்லை. தாளும் எழுதுகோலும் நூலகமும் வேண்டியாங்கு கிடைக்கப்பெற்ற பல்கலைக்கழகச் சமுதாயத்தினராகிய நம்மிடம், நம்மை யாரும் கட்டாத நிலையில் எந்த விதியை நாமே விரும்பி ஏற்றிருக்கிறோம் என அவ்வினா கேட்கின்றது. கட்டற்றிருத்தல் மட்டும் விடுதலையாயின், எண்ணம் தோன்றியவாறு பேசுதலே சிந்தனையாகிவிடும். ஆய்வின் ஒழுங்கு, சான்றின் கடப்பாடு, எதிர்வாதத்தைத் திரிக்காது எடுத்துரைக்கும் நேர்மை ஆகியன நமது யாப்பு. இவற்றை எக்காவலனும் நம்மீது சுமத்துவதில்லை. எனவே இவற்றை ஏற்பதும் விடுவதும் நம் பொறுப்பே.

பியூக்கின் இயல்பு இவ்விடத்தில் மீண்டும் நினைக்கத்தக்கது. ஒருவர் தம் சொல்லை முடித்தபின்பும் மௌனமாகிவிடாது, மற்றவரின் சொல்லுக்கு இசைவாகவும் எதிராகவும் தம் வழியைத் தொடர்கின்றார். மற்றவரின் குரலை அடக்கித் தம் குரலை உயர்த்துவதில்லை. பல மொழியினரும் பல சமயத்தினரும் வாழும் இத்தீவிலே ஒரு குரலை மட்டும் ஒலிக்கச் செய்து ஒழுங்கு காண முயன்றதன் பயனை நாம் நன்கறிவோம். குரல்கள் பலவாயிருந்தும் ஒழுங்கு குலையாதிருத்தல் கூடும் என்பதை, ஒரேயொரு குரலுக்கு மட்டும் இடமிருந்த முகாமில் அடைபட்ட ஒருவர், தந்திப் படிவங்களிலே இருபத்துநான்கு முறை எழுதிக்காட்டினார். அதனை அவரினும் எளிய நிலையிலிருந்து எழுதும் வாய்ப்பு நமக்கு உண்டு.